நிற்காமல் நடந்தவர்

அத்தியாயம் 14

ஆஸ்பத்திரிக்குப் போவதற்குக் கொலின்ஸ் திருவிழாச் சேட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். இளநீலச் சேட்டு, மடிப்புக் குலையாத வெள்ளைச் சாரம், தண்ணீர் தொட்டுப் படிய இழுத்த தலை. கலியாண வீட்டுக்குப் போகிற ஆள் மாதிரி இருந்தார்.

பெற்றிசியா பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. போன கிழமை முழுக்க அந்த வீட்டில் எல்லாரும் வாய் திறந்தது போதும் என்று அவளுக்குப் பட்டது.

"அப்பாவை வைச்சுப் பரிசோதிச்சுப் பாக்கப் போகினம், நீங்களும் ஓம் எண்டு தலையாட்டுறியள்" என்று மகள் பிறின்சி கத்த, பதிலுக்கு இவள் கத்த, நடுவில் கொலின்ஸ் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு யாருடைய காலைப் பற்றியோ கதைக்கிறார்கள் என்பது போல இருந்தார். கடைசியில், "போய்ப் பாப்பம். பாக்கிறதுக்கு என்ன?" என்று அவரே சொன்னபடியால்தான் இன்றைக்கு வாசலில் ஓட்டோ வந்து நின்றது.

அவருடைய கால் வருத்தம் பேசாலையில் ஒருவருக்கும் தெரியாது. படகை மருமகன் டினேஷிடம் விட்டதற்கு முழங்கால் வாதம் என்று காரணம் சொல்லியிருந்தார். உண்மையில் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. கொஞ்சத் தூரம் நடந்தால் வலது கெண்டைக்காலை யாரோ ஈரத் துணி மாதிரிப் பிழிவார்கள். நின்றால் விட்டுவிடும். திரும்ப நடந்தால் திரும்பப் பிடிக்கும். காலுக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைபட்டு வருகிறது, சிகரட்டை விடாவிட்டால் முழுக்க அடைபடும் என்று டொக்டர் சொன்ன அன்றே சிகரட்டை விட்டார். காலோ விடவில்லை.

அதனால் அவர் ஒரு வேலை செய்தார். வலி பிடிக்கிற இடத்தில் யாருடைய வீட்டு வாசல் படலை வருகிறதோ, அங்கே நின்று கதை கொடுத்தார். மீன் விலை கேட்டார், பிள்ளைகளின் படிப்புக் கேட்டார், இழுத்துக் கட்டியிருந்த வலையைப் புகழ்ந்தார். வலி போனதும் கதையை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். வயது போகப் போகக் கொலின்ஸ் நல்ல வாய்க்காரராகிவிட்டார் என்று ஊர் சொல்லிச் சிரித்தது. பெற்றிசியாவும் கூடச் சிரிப்பாள்.

ஓட்டோ எருக்கலம்பிட்டிச் சந்தியைத் தாண்டும்போது கொலின்ஸ் வெளியே எட்டிப் பார்த்தார்.

"என்ன பாக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. உந்தப் பக்கம் முந்தி ஒரு விளையாட்டு மைதானம் இருந்தது."

"எனக்கும் தெரியும்" என்றாள் பெற்றிசியா.

---

மன்னார் ஆஸ்பத்திரியின் பின்பக்க விறாந்தையில் ஒரு நீள மர வாங்கும் நாலு கதிரைகளும் போட்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சிக் குழு அங்கேதான் ஆட்களைப் பார்த்தது. பிறின்சி கந்தோரில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, கட்டியிருந்த சேலையோடேயே முன்னதாக வந்து வாங்கில் இருந்தாள். தகப்பனைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்தாள். தாயைப் பார்க்கவில்லை.

டொக்டர் இன்ஷிரா முசலிப் பக்கத்துப் பிள்ளை. அமைதியாகக் கதைத்தார். ஒரு நீளமான பொலித்தீன் பைக்குள் சுருட்டி வைத்திருந்த மெல்லிய குழாயை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுதான் அது. தொடையடியில சின்னதா ஒரு துளை. அதுக்குள்ளால இதை இரத்தக் குழாய் வழிய அடைப்பு இருக்கிற இடம் வரைக்கும் கொண்டு போவம். நுனியில ஒரு சின்ன பலூன் இருக்கு. அதை ஊதி அடைப்பை விரிச்சுப்போட்டு, குழாயை வெளியில எடுத்திடுவம்."

கொலின்ஸ் பையோடு சேர்த்து விரலால் தடவிப் பார்த்தார்.

"பெரிய மீனுக்குப் போடுற தங்கூசி நூல் அளவுதான் வரும்."

"ஓம், அவ்வளவுதான்."

பிறின்சி கதிரையை முன்னுக்கு இழுத்தாள்.

"டொக்டர், இது புதுசெண்டால் இதுக்கு முதல் ஆருக்குப் போட்டது?"

"முதல்ல ரப்பர் குழாய்களில செய்து பாத்தது. பிறகு மிருகங்களில. பிறகு வெளிநாட்டில கொஞ்சப் பேருக்கு."

"அவையள் எல்லாரும் சுகமோ?"

"எல்லாரும் எண்டு சொல்ல மாட்டன். சிலருக்குத் திரும்ப அடைபட்டிருக்கு. ஒராளுக்கு உள்ளுக்கு இரத்தம் கசிஞ்சு, வேற சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. எல்லாம் இந்தத் தாளில இருக்கு. வாசிச்சுப்போட்டுக் கேளுங்கோ."

இப்படி நேரே பதில் வரும் என்று பிறின்சி எதிர்பார்க்கவில்லை. சண்டை பிடிக்க வந்தவளுக்குப் பிடிக்க ஆளில்லாமல் போனது.

"அப்ப பழையதையே போட்டால் என்ன?"

"பழையதும் நல்லது. ஆனா கன பேருக்குக் கொஞ்சக் காலத்தில திரும்ப அடைபடுது. புதுசின்ர பலூனில ஒரு மருந்து பூசியிருக்கு. அது அடைபடாமல் வைச்சிருக்குமோ எண்டு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சி. ஐயா சேர்ந்தால் புதுசு கிடைக்குமோ பழசு கிடைக்குமோ எண்டு கம்ப்யூட்டர்தான் சொல்லும். எது கிடைச்சது எண்டு ஐயாவுக்கு ஒரு வருஷத்துக்குச் சொல்ல மாட்டம். ஆனா ரெண்டில ஒண்டு கட்டாயம் கிடைக்கும். ஆராய்ச்சிக்கு வெளியில எண்டால் கன பேர் காத்திருக்கினம். நடக்க ஏலாதவை, புண் வந்தவைதான் முதல்."

"சேர்க்க முடியாமல் போகவும் கூடுமோ?" என்று பெற்றிசியா கேட்டாள்.

"ஓம், அம்மா. நோவு இல்லாமல் நல்லா நடக்கிறவையைச் சேர்க்க மாட்டம். அதுக்குத்தான் முதல்ல நடக்க விட்டுப் பாக்கிறது." டொக்டர் கொலின்ஸைப் பார்த்தார். "ஐயா, நொந்தால் நோகுது எண்டு சொல்லுங்கோ. நிக்க வேணுமெண்டால் நில்லுங்கோ."

"அதுக்கென்ன" என்றார் கொலின்ஸ்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துக் கதிரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பேசாலைக் கொலின்ஸ்தானே? வலது விங் கொலின்ஸ்?"

தொப்பி போட்ட, நரைத்த தாடிக்காரர். அந்த வெக்கையிலும் சப்பாத்தும் கனத்த காலுறையும் போட்டிருந்தார். கொலின்ஸ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு கதிரையை விட்டு எழுந்தே விட்டார்.

"ஜுனைதீன்! கோலி ஜுனைதீன்!"

இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். வெற்றிலைத் தட்டம் மாற்றுகிற சம்பந்திகளைப் போல ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டே நின்றார்கள்.

---

பெற்றிசியாவுக்கு அந்த முகத்தை மறக்க முடியாது.

தொண்ணூறுக்கு முந்தின வருஷம். எருக்கலம்பிட்டி மைதானத்தில் இறுதிப் போட்டி. கோல் கம்பங்களுக்குக் கிழிந்த மீன் வலைதான் கட்டியிருந்தது. அக்காமாரோடு போன பெற்றிசியா வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். கொலின்ஸ் அப்போது வெறுங்காலோடு விளையாடுவான். பந்தோடு கோட்டோரம் ஓடிவந்தால் பார்த்துக்கொண்டு நிற்கிற சனத்தின் முகத்தில் மணல் தெறிக்கும். அப்படி ஒரு கால். பேசாலைப் பெட்டைகள் அந்தக் காலைப் பற்றிக் கதைத்துச் சிரித்ததெல்லாம் பெற்றோருக்குத் தெரியாது.

ஆட்டம் முடிகிற நேரத்தில் பேசாலைக்குத் தண்ட உதை கிடைத்தது. கொலின்ஸ்தான் அடித்தான். எதிரே பச்சை நிற நீளக்கைச் சேட்டோடு நின்ற மெல்லிய பொடியன் பக்கவாட்டில் பறந்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான். அவன்தான் ஜுனைதீன். எருக்கலம்பிட்டி வென்றது.

எல்லாரும் கலைந்த பிறகு பெற்றிசியா கொலின்ஸைக் கண்டாள். கடற்கரையில் காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, ஒளிக்காமல், குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தான். ஓடும்போது அவள் அவனை விரும்பவில்லை. அந்த அழுகையைப் பார்த்துத்தான் விரும்பினாள். கலியாணத்துக்குப் பிறகு அவர் அப்படி அழுது அவள் காணவேயில்லை.

அடுத்த வருஷம் யுத்தத்தில் எல்லாம் குலைந்து போனது. எருக்கலம்பிட்டிச் சனம் ஊரை விட்டுப் புத்தளத்துக்குப் போக வேண்டி வந்தது. பேசாலையில் பாதிச் சனம் வள்ளம் ஏறி இந்தியாவுக்கு, மண்டபம் அகதி முகாமுக்குப் போனது. யார் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாமல் போன காலம். திரும்பி வந்த பிறகும், ஒரே தீவில், ஒரே பஸ் பாதையில் இருந்துகொண்டு, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தேடவில்லை.

"இவர் உங்கட வீட்டுக்காரரைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கதை கதையாச் சொல்லுவார்" என்றாள் ஜுனைதீனின் மனைவி. சித்தி மரியம் என்று பெயர் சொல்லிப் பெற்றிசியாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். "பேசாலைக் குதிரை எண்டுதான் சொல்லுவார்."

குதிரை விறாந்தையின் ஒரு தொங்கலில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றது.

---

அந்தத் தொங்கலில் ஒரு கதிரை, இந்தத் தொங்கலில் ஒரு கதிரை. இரண்டுக்கும் இடையில் போய்ப் போய் வர வேண்டும். தாதி மணிக்கூட்டோடு நின்றாள். நேரம் போகிறபடியால், அதே பரிசோதனைக்கு வந்திருந்த ஜுனைதீனையும் அவரோடு ஒன்றாக விட்டார்கள். அதுதான் பிழையாகப் போனது.

"மெல்ல நட, மச்சான். இண்டைக்கு நான் தடுக்க மாட்டன்" என்று ஜுனைதீன் பகிடி விட்டார்.

கொலின்ஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். முதல் தரம் போய்த் திரும்பினார். இரண்டாந் தரமும் திரும்பினார். இந்நேரம் அவர் ஏதாவதொரு படலையில் நின்று மீன் விலை கேட்டிருக்க வேண்டும். நிற்கவில்லை. பக்கத்தால் கடந்து போகும்போது பெற்றிசியாவுக்கு அவருடைய வாய்க்குள் ஒரு பாட்டு முணுமுணுப்பது கேட்டது. கை விரலைத் தூண்டில் கிழித்தாலும், பல்லைப் பிடுங்கினாலும், அவர் அப்படித்தான் முணுமுணுப்பார்.

பெற்றிசியா எழும்பப் போனாள். பிறின்சி அவளுடைய கையைப் பிடித்து இருத்தினாள்.

"பேசாமல் இருங்கோ, அம்மா."

"அவருக்கு நோகுது, பிள்ளை."

"எனக்கும் தெரியும். நல்லா நடந்தால் எடுக்க மாட்டினம். நாங்கள் வீட்டை போகலாம்."

பெற்றிசியா மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"வீட்டை போய்? பிறகு என்ன செய்யிறது? ஒவ்வொரு படலையிலயும் நிண்டு நிண்டு, கடைசியில படலைக்கும் போக ஏலாமல் வந்தால்? அப்ப நீ என்ன செய்வாய்?"

பிறின்சியின் கண் கலங்கியது. "எனக்குப் பயம், அம்மா" என்று மட்டும் சொன்னாள். பிடித்த கையை விடவுமில்லை.

விறாந்தையின் நடுவில் ஜுனைதீன் சட்டென்று நின்றார்.

"மிஸ், என்னால ஏலாது. கால் பிடிச்சிட்டுது. எழுதிக்கொள்ளுங்கோ."

கொலின்ஸ் அவரைத் தாண்டிப் போய்த் திரும்பினார். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்ன, அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். நீ ஏன் இன்னும் நடக்கிறாய்?"

"எனக்கு ஒண்டுமில்லை."

"முகத்தைப் பாத்தால் தெரியாதே? தண்ட உதை அடிக்க வந்து நிண்ட மூஞ்சைதான் இது." ஜுனைதீன் சுவரில் சாய்ந்துகொண்டார். குரலைத் தாழ்த்தவில்லை. "ஆருக்கடா நடந்து காட்டுறாய்? எனக்கோ? நான் நிண்டிட்டன். நீயும் நில்லு."

கொலின்ஸ் இன்னும் ஒரு அடி வைத்தார். பிறகு கையை நீட்டிச் சுவரைப் பிடித்தார். தாதி கிட்ட வந்தாள். அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நோகுது, பிள்ளை. நல்லா நோகுது."

பிறின்சி தாயின் கையை விட்டுவிட்டு எழுந்துபோய்த் தகப்பனுக்குக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

---

கணுக்காலில் பட்டியைச் சுற்றி அழுத்தம் பார்த்ததில் கொலின்ஸின் வலது காலில் இரத்த அழுத்தம் கையில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் கூட இருந்தது. ஆராய்ச்சியில் சேர்க்கலாம் என்று டொக்டர் சொன்னார். அடுத்து ஜுனைதீனைத் திரைச்சீலைக்குப் பின்னால் படுக்க வைத்தார்கள்.

கொஞ்சத்தில் உள்ளேயிருந்து டொக்டரின் குரல் கேட்டது. "இது எப்ப வந்தது, ஜுனைதீன் காக்கா? ஏன் ஒருத்தருக்கும் காட்டேல்லை?"

மரியம் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கையில் அவருடைய காலுறை இருந்தது. பெற்றிசியா எழுந்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"குதிக்கால்ல புண், தங்கச்சி. சுத்திக் கறுத்துப் போய்க் கிடக்கு. எனக்கே தெரியாது. குளிருது எண்டு சொக்ஸோட படுப்பார். தொழுகைக்கு ஒழு எடுத்துக் கால் கழுவேக்கயும் கதவைச் சாத்திக்கொள்ளுவார். யா அல்லாஹ், நான் ஒரு மனுசி, பக்கத்தில கிடந்தனான்..."

புண் இருக்கிறவர்களை இந்த ஆராய்ச்சிக்கு எடுப்பதில்லை. சேர்க்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் மறைத்திருக்கிறார். வேறு எங்கே காட்டினாலும் காலை எடுக்கச் சொல்வார்கள் என்ற பயம். இந்தக் குழாய் ஒன்றுதான் வழி என்று மனதில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

டொக்டர் இன்ஷிரா வெளியே வந்து மரியத்தின் தோளில் கை வைத்தார்.

"இவரைக் காக்க வைக்கேலாது, மரியம் லாத்தா. இப்பவே யாழ்ப்பாணம் அனுப்பப் போறன். அங்க வழமையான பலூன் இருக்கு. அதால இரத்தம் திரும்ப ஓடினால் காலைக் காப்பாத்தலாம். ஓடுமோ எண்டு இப்ப என்னால சொல்லேலாது. அம்புலன்ஸ் வருது. உங்களோட ஆர் போறது?"

"பொடியன்மார் கத்தார்ல. மகள் புத்தளத்தில." மரியம் சுற்றிலும் பார்த்தாள். "எனக்கு யாழ்ப்பாணம் தெரியாது."

"நான் வாறன், அன்ரி" என்றாள் பிறின்சி.

பெற்றிசியா திடுக்கிட்டுப் பார்த்தாள். பிறின்சி ஏற்கெனவே கந்தோருக்குப் போன் எடுத்து முழு நாள் லீவு சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜுனைதீனைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது கொலின்ஸ் கதிரையிலிருந்து எழும்பி நின்றார். "என்னட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நீ சொன்னியோ?" என்று ஜுனைதீன் கேட்டார்.

வண்டி போய்விட்டது.

---

கையெழுத்துப் போட வேண்டிய தாள் மேசையில் கிடந்தது. டொக்டர் ஒவ்வொரு பக்கமாக விளங்கப்படுத்தி முடித்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கோ என்று வெளியே போயிருந்தார். குழு பின்னேரம் கொழும்புக்குத் திரும்புகிறது. இந்தப் பக்கத்தில் ஆட்களைச் சேர்ப்பது இன்றைக்கோடு முடிகிறது.

கொலின்ஸ் பேனையைக் கையில் எடுத்தார். வைத்தார். திரும்ப எடுத்தார்.

"போடுங்கோவன்" என்றாள் பெற்றிசியா.

"அவனுக்கு ஒண்டுமில்லாமல் அனுப்பிப்போட்டு, நான் மட்டும்..."

"அவருக்கும் மருந்து செய்யத்தானே கொண்டு போகினம்."

வெளியே காகங்கள் கத்தின. திருவிழாச் சேட்டு முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.

"அது இல்லை, பெற்றி." குரல் உடைந்தது. "எனக்குப் பயமா இருக்கு. உள்ளுக்கு விடேக்க உடைஞ்சால்? அந்த ஆளுக்கு மாதிரி இரத்தம் கசிஞ்சால்? அவன்ர காலைப் பாத்தனான். திரைக்குள்ளால தெரிஞ்சது. எனக்கும் அப்பிடி வந்தால்?"

கண்ணீர் நேராகத் தாளில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. முகத்தைத் திருப்பவுமில்லை. பெற்றிசியா தாளைத் தள்ளி வைத்துவிட்டு, கதிரையைக் கிட்ட இழுத்து, அவருடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி விறாந்தையில், ஆட்கள் போய்வருகிற இடத்தில், அறுபதைத் தொடப் போகிற இரண்டு பேர். அவளுக்கு வெட்கமாக இருக்கவில்லை.

"பயமெண்டால் இண்டைக்குப் போட வேண்டாம்" என்றாள். அவர் சேர வேண்டும் என்று மகளோடு சண்டை பிடித்ததே அவள்தான். ஆனாலும் சொன்னாள். "வீட்டை போவம்."

போன் அடித்தது. பிறின்சி.

"அம்மா, பூநகரிப் பாதையால போய்க்கொண்டிருக்கிறம். அப்பாட்டக் குடுங்கோ. ஜுனைதீன் மாமா கதைக்கப் போறாராம்."

போனில் அம்புலன்ஸின் இரைச்சல். அதற்கு மேலால் ஜுனைதீனின் குரல்.

"கையெழுத்துப் போட்டிட்டியோ?"

"இல்லை."

"ஏன்?"

"பயம்."

"எனக்கும்தான்" என்றார் ஜுனைதீன். "அதாலதான் ஒளிச்சனான். ஒளிச்சு என்ன கண்டது? படுத்துக்கொண்டு வானத்தைப் பாத்துக்கொண்டு போறன். உன்ர மகள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வாறாள். நல்ல பிள்ளை. டேய், நீயெண்டாலும் நடந்து போய்ச் செய்துகொள்ளு."

போன் வெட்டுப்பட்டது. கொலின்ஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்தார். நனைந்த இடத்தை விட்டுக் கீழே, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினார். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். பெற்றிசியா போட்டாள்.

---

அன்று மாலை பேசாலையில், வெற்றி மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் பிறின்சியின் அடுத்த அழைப்பு வந்தது.

"உள்ளுக்குக் கொண்டு போயிட்டினம், அம்மா. ரெண்டு இடத்தில அடைப்பாம். ஒண்டைத் திறந்திட்டினம், மற்றதுக்குள்ள கம்பி போகுதில்லையாம். திரும்ப முயற்சி செய்யினம். அன்ரி தொழுதுகொண்டு இருக்கிறா. நான் இண்டைக்கு வரேல்லை." அவள் நிறுத்தினாள். "அப்பா போட்டிட்டாரோ?"

"போட்டிட்டார்."

"சரி" என்றாள் பிறின்சி. நன்றாக மூச்சு விட்டது கேட்டது. "நல்லதம்மா."

பெற்றிசியா எல்லாவற்றையும் கொலின்ஸிடம் அப்படியே சொன்னாள். கம்பி போகாததையும் சொன்னாள். அவர் முற்றத்துக் கதிரையில் இருந்து கேட்டார்.

"நாளைக்குக் காலமை முதல் பஸ்ஸுக்கு யாழ்ப்பாணம் போவம்" என்றார்.

"பஸ் நிலையத்தில இருந்து ஆஸ்பத்திரிக்கு நடக்க வேணும். பிறகு வாட்டுக்கு. உங்களால ஏலுமோ?"

"ஏலாது." கொலின்ஸ் வலது காலை நீட்டிப் பிடித்துவிட்டார். "நிண்டு நிண்டு போவம், பெற்றி. ஆரும் கேட்டால் கால் ஏலாது எண்டு சொல்லுவன்."

பெற்றிசியா உள்ளே போய் இரண்டு பேருக்கும் உடுப்பு எடுத்து வைத்தாள். போனைத் தலைமாட்டில் வைத்தாள். அது இன்னும் அடிக்கவில்லை.